தூங்குமூஞ்சி கரை மாறிய ஞாயிறு

கல்யாணம் முடிந்து மாதக்கணக்காகியும் அவளுடைய அப்பாவும் மாமியாரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

காரணம் ஒரு கோட்டு. அப்பா தையல்காரர். மாப்பிள்ளையின் கோட்டை வேறு கடையில் கொடுக்கவே கூடாது என்று அடம்பிடித்துத் தானே தைத்தார். மாமியார் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்துக் கரகரப்பு லைன்களில் கத்திக் கத்தியே அவருக்குத் தொண்டை அப்படி ஆகிவிட்டது. ரகசியம் சொன்னாலும் பக்கத்துத் தெருவில் திரும்பிப் பார்ப்பார்கள். மண்டபத்தில் மகனின் காதோடு காதாகத்தான், "என்னடா இது, தலையணைக்கு உறை போட்ட மாதிரி இருக்கு?" என்று கேட்டார். கடைசி வரிசை வரைக்கும் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் அவள் வழியாகத்தான் நடந்தது. "உங்க மாமியாருக்கு உடம்பு எப்படி இருக்குன்னு கேளு பாப்பா" என்பார் அப்பா, மாமியார் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது. "நல்லாத்தான் இருக்கேன்னு உங்கப்பாகிட்ட சொல்லும்மா" என்பார் மாமியார். நடுவில் இவள் தபால்காரி.

வேலை செய்யும் இடத்திலாவது நிம்மதி உண்டா என்றால், அங்கே வேறு கவலை. பழைய துறைமுகத்தில் கட்டிவைத்திருக்கும் மரக்கப்பல் ஒன்றுதான் அவளுடைய அலுவலகம். ஒரு காலத்தில் தேங்காய் நாரும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கடல் கடந்து போய்வந்த கப்பல். இப்போது அருங்காட்சியகம். அவள் அதன் வழிகாட்டி. சேற்றில் அடி புதைந்து, பல வருடமாக இம்மி அசையாமல் கிடந்ததால் ஊரார் அதற்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். கோட்டைக்குக் கூட்டம் வரும். கலங்கரை விளக்கத்துக்கு வரிசை நிற்கும். துறைமுகத்தின் எதிர்க்கரையில் புதிதாகத் திறந்த கடலோரப் பூங்காவிலோ கால் வைக்க இடமிருக்காது. கப்பலுக்கு மட்டும் யாரும் வரமாட்டார்கள். வருகிறவர்களும் பெரும்பாலும் கழிப்பறை எங்கே என்று கேட்கத்தான் வருவார்கள். இந்த வருடத்தோடு மூடிவிடலாம் என்று அருங்காட்சியகத் துறை அதிகாரி இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

மூடுவதற்குள் வீட்டார் ஒருமுறை பார்த்துவிடட்டுமே என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் மாமியாரையும் ஒன்றாகக் கிளப்பினாள். அவள் கணவன் சுற்றுலாப் பேருந்து ஓட்டுநர். காலையில் அவனே தன் வண்டியில் மூவரையும் ஏற்றிக்கொண்டான். அப்பா முன் இருக்கையில், மாமியார் பின் இருக்கையில். கோட்டையில் அப்பா பீரங்கிப் பக்கம் போனால் மாமியார் கிணற்றுப் பக்கம் போனார். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நிற்க இடமே கொஞ்சம்தான். அங்கேயும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மதியம் கப்பலில் மூவரையும் இறக்கிவிட்டு, "அடுத்த கூட்டத்தைப் பூங்காவுல விடணும், சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று கணவன் வண்டியைத் திருப்பினான். போகும்போது மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். தப்பித்தவனின் சிமிட்டல் அது.

கப்பலில் வேறு யாரும் இல்லை. காவலாளி கரையில் வேப்பமரத்தடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் இருவரையும் மேல்தளத்துக்குக் கூட்டிப்போய், மனப்பாடமாக இருந்ததை ஒப்பிக்கத் தொடங்கினாள். பாதியில் காலடியில் ஏதோ முனகியது.

"என்ன சத்தம்?" என்றார் அப்பா.

"பழைய மரம்பா. வெயில்ல அப்படித்தான்."

மறுபடியும் முனகியது. அப்புறம் யாரோ அடியிலிருந்து தோளைக் கொடுத்துத் தூக்கியதுபோலக் கப்பல் மெல்ல எழும்பியது. பூங்காவுக்காகப் போன மாதம்தான் துறைமுகத்தைத் தூர் வாரியிருந்தார்கள். அன்று பௌர்ணமி. கடல் ஏற்றம் உச்சத்தில் இருந்தது. இதையெல்லாம் அவள் பிறகுதான் கூட்டிக் கழித்துப் புரிந்துகொண்டாள். அந்த நேரத்தில் கண்ணில் பட்டது ஒன்றுதான்: கரைக்கும் கப்பலுக்கும் நடுவே இருந்த நடைப்பலகை சறுக்கிக்கொண்டே போய் நிதானமாகத் தண்ணீரில் விழுந்தது. பின்பக்கக் கயிறு பட்டென்று அறுந்தது. முன்பக்கக் கயிறு, தன்னைக் கட்டியிருந்த உளுத்த கட்டையையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

கரையில் காவலாளி கையில் சோற்றுக் கவளத்தோடு எழுந்து நின்றார். "மேடம்! எங்க போறீங்க?" என்றார்.

"எனக்கென்னண்ணே தெரியும்!" என்று கத்தினாள் அவள்.

துறைமுகப் படகுக்காரருக்குப் போன் போட்டாள். அவர் பதறவில்லை. "அலைதடுப்புக்கு உள்ளதானேம்மா இருக்கீங்க? கடலுக்குப் போகாது. காத்து பூங்கா பக்கம் அடிக்குது, தானா போய் ஒதுங்கிடும். உள்ள தண்ணி ஏறுதான்னு மட்டும் பாருங்க. இதோ வர்றேன்."

அவள் ஏணியில் இறங்கிக் கீழே ஓடினாள். டார்ச் வெளிச்சத்தில் பலகை இடுக்கு ஒன்றில் தண்ணீர் நூலாகக் கசிந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். மேலே வந்து பார்த்தால், மாமியார் சுக்கான் சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். 'தொடாதீர்கள்' என்ற பலகையைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தார். முகத்தில் பயம் துளியும் இல்லை.

"யாராவது ஒருத்தர் பிடிச்சாகணும்ல?" என்றார்.

அந்தச் சக்கரம் எதோடும் இணைக்கப்படவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கப்பலைத் திருப்பும் சுக்கானையே கழற்றிக் கீழறையில் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார்கள். சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முன்பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"சம்பந்தியம்மா! இடது பக்கம், இடது பக்கம்! நேரா மிதிபடகு வருது!"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்பா 'பாப்பா, சொல்லு' என்று சொல்லவில்லை. நேராகவே கூப்பிட்டுவிட்டார்.

"எந்த இடது? உங்க இடதா, என் இடதா?" என்று மாமியார் கேட்டார்.

"ரெண்டு பேரும் ஒரே பக்கம்தானே பாக்குறோம்! நம்ம இடது!"

மாமியார் சக்கரத்தைப் பலங்கொண்ட மட்டும் சுற்றினார். அந்த நேரம் பார்த்துக் காற்று கொஞ்சம் திரும்பியது. கப்பலும் இடது பக்கம் நகர்ந்தது. "பேச்சைக் கேக்குது பாத்தீங்களா!" என்று மாமியார் பூரித்துப் போனார். "பிரமாதம், அப்படியே வாங்க" என்றார் அப்பா. அவள் வந்த சொல்லை விழுங்கிவிட்டாள்.

ஆனால் எதிர்க்கரை நெருங்க நெருங்க அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது. பூங்காவின் சுற்றுச்சுவர் ஓரம் முழுக்க ஜனம். சுவர்மேல் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் செல்போனை உயர்த்தி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்னப்பறவை வடிவ மிதிபடகில் ஒரு ஜோடி, வருவது நிஜக் கப்பல் என்றே தோன்றாமல் கையசைத்துக்கொண்டிருந்தது. அவள் கத்தினாள், காற்று அவள் குரலை வாரிக்கொண்டு போனது.

"அத்தை, நீங்க சொல்லுங்க! விலகச் சொல்லுங்க!"

மாமியார் சக்கரத்தை விடாமல் தலையை மட்டும் நிமிர்த்தினார். மூச்சை இழுத்தார்.

"சுவத்தை விட்டு இறங்குங்க! எல்லாரும் பின்னால போங்க! ஏம்மா அன்னப்பறவை, வலது பக்கமா மிதி! புருஷன் சும்மா உக்காந்திருக்காரு பாரு, அவரையும் மிதிக்கச் சொல்லு!"

பூங்கா முழுவதும் ஒரு கணம் நின்றது. பிறகு சுவரில் இருந்தவர்கள் கொத்துக் கொத்தாக இறங்கினார்கள். மிதிபடகில் இருந்தவன் அலறிப் புடைத்துக்கொண்டு மிதித்தான். பூங்காவின் மறுகோடியில் ஐஸ்கிரீம் விற்றவர்கூட வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்வாங்கினாராம்.

அப்பா அதற்குள் வேறொன்று செய்துகொண்டிருந்தார். பழைய சரக்கு எப்படி இருந்தது என்று காட்டுவதற்காக வைத்திருந்த நார் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துவந்து, கயிறு போட்டு, கப்பலின் பக்கவாட்டில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். அவளும் போய்க் கைகொடுத்தாள். தையல்காரரின் விரல்கள் முடிச்சுப் போடும் வேகத்துக்கு அவளால் மூட்டையைத் தூக்கித் தர முடியவில்லை. கடைசி மூட்டையைத் தொங்கவிட்ட கையோடு கப்பல் சுவரில் சாய்ந்தது. டமால் என்று ஒன்றும் கேட்கவில்லை. தூக்கம் சொக்கும் குழந்தை தோளில் தலை சாய்ப்பதுபோல, பொதுக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். விசில் பறந்தது.

மாமியார் சக்கரத்தை விட்டுவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு முன்பக்கம் வந்தார். அப்பா நார்த்தூசியை உதறிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீங்க இல்லேன்னா அந்த அன்னப்பறவை சட்னிதான்" என்றார் அப்பா.

"மூட்டை யோசனை எனக்கு வந்திருக்காது" என்றார் மாமியார். கொஞ்சம் தயங்கிவிட்டு, தன்னால் முடிந்த அளவு குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு மண்டபத்துல... பையன் அந்த மாசம் கண்டபடி சாப்பிட்டு ஊதிட்டான். கோட்டு மேல தப்பில்ல" என்றார். சுவருக்கு அந்தப்பக்கம் நின்ற கூட்டம் முழுவதற்கும் அது கேட்டது.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "இல்லைங்க, நானும் ஒரு அங்குலம் கம்மியாத்தான் வெட்டிட்டேன். யார்கிட்டயும் சொல்லலை."

அந்தக் கூட்டத்தின் நடுவே ஓட்டுநர் சீருடையில் அவள் கணவன் நின்றுகொண்டிருந்தான். பயணிகளோடு பூங்காப் பாலத்தில் வரும்போதே பார்த்துவிட்டானாம். யாரோ ஒரு பயணி, "கப்பல் ஓட்டுறது யாருங்க, ஒரு அம்மா மாதிரி தெரியுதே" என்று கேட்க, "மாதிரி இல்லைங்க, எங்கம்மாவேதான்" என்றானாம். பயணிகள் அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறான்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று சுவருக்கு மேலே எட்டி மனைவியைக் கேட்டான். அவள் தலையை ஆட்டினாள். அப்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது.

படகுக்காரர் வந்து கயிறுகளை இழுத்துக் கட்டினார். கீழே இறங்கிக் கசிவை அடைத்தார். கடல் ஏற்றம் வடியத் தொடங்கியதும் கப்பல் பூங்காச் சேற்றில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. "இனிமே பயமில்ல. யாரையும் ஏத்தலாம்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் சுவரோரம் வரிசை நின்றுவிட்டது. பூங்காக்காரர்கள் ஒரு மரப்படியைக் கொண்டுவந்து சாத்தினார்கள். பேருந்துப் பயணிகள், மிதிபடகு ஜோடி, குழந்தையைத் தோளில் வைத்த அப்பாக்கள், ஐஸ்கிரீம் வண்டிக்காரர் என்று ஒருவர் பாக்கியில்லை. அவள் மனப்பாடம் மறந்துபோய், வாய்க்கு வந்தபடி, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். இத்தனை மூட்டையோடு புயலில் மாட்டினால் என்ன செய்வார்கள், எங்கே தூங்குவார்கள், குடிதண்ணீர் எங்கே வைப்பார்கள் என்று கேள்விமேல் கேள்வி. மாமியார் சக்கரத்தின் பக்கத்தில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் எப்படித் திருப்பினார் என்று நடித்துக் காட்டினார். அந்தப் பக்கம் கூட்டம் சேரும்போதெல்லாம் அவள் கீழறையின் சுக்கானைப் பற்றி வாயே திறக்கவில்லை.

துறை அதிகாரி முகம் சிவக்க வந்தார். வந்தவரால் ஏற முடியவில்லை; வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். அவர் முறை வருவதற்குள் கோபம் ஆறிவிட்டது. திரும்ப இழுத்துப்போக இழுவைப்படகு வேண்டும், அடுத்த பெரிய கடல் ஏற்றம் வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்று படகுக்காரர் விளக்கினார். அதிகாரி படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஜனத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். கயிறு மட்டும் புதுசா வாங்குங்க" என்றார்.

கப்பல் இப்போதும் அங்கேதான் நிற்கிறது. மூடும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

அன்று பேசிய பேச்சில் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் அப்பாவும் மாமியாரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, மூட்டையால் கப்பல் தப்பித்ததா, சக்கரத்தால் தப்பித்ததா என்று ஓயாமல் வாதாடிக்கொண்டு வந்தார்கள். நடுவில் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் ஜன்னலோரம் தலை சாய்த்து, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டி, பல மாதத்துக்குப் பிறகு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.