நான்காக அறுத்த நாவல்

கெட்டி அட்டையை அறுக்க ரூபாவுக்குக் கை வரவில்லை. பேரிகையில் கிளம்பிய கம்பெனி பஸ் இன்னும் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. முதல் ஷிப்டுக்குப் போகிற பெண்களில் பாதிப் பேர் அதற்குள் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கத் தொடங்கியிருந்தார்கள். மடியில் கிடந்த புத்தகம் ஒரு தூக்குவாளி கனம் கனத்தது. நீலத் துணி ஒட்டிய அட்டை, முதுகில் தங்க எழுத்து, முதல் பக்கத்தில் ‘ரூபாவுக்கு நன்றியுடன்’ என்று அதை எழுதிய குருமூர்த்தி சாரின் கையெழுத்து. பதினோரு வருடம் கார்களுக்கு வயர் கட்டும் வேலை பார்த்த கம்பெனி கொடுத்த சம்பளச் சீட்டில்கூட அந்தச் சொல்லை அவள் பார்த்ததில்லை. நேற்று மாலை வெளியீட்டு விழாவில் வாங்கியதிலிருந்து அந்தப் பக்கத்தைத் தவிர வேறு பக்கத்தை அவள் புரட்டவும் இல்லை.

புரட்டாததற்குக் காரணம் இருந்தது. அந்த பஸ்ஸில் படிக்கிறவர்கள் நான்கு பேர்: ரூபா, நஞ்சம்மா, அருள்மேரி, தமிழ்செல்வி. கேட்டில் செக்யூரிட்டி, கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பையை மட்டும்தான் அனுமதிப்பான். அந்தப் பையில் சாப்பாட்டு டப்பாவும் தண்ணி பாட்டிலும் போக, ஒரு முழுப் புத்தகத்துக்கு இடம் கிடையாது. அதனால் எந்த நாவல் வாங்கினாலும் முதல் வேலையாக அரை பிளேடால் நான்காக அறுத்து, லைனில் மிச்சமாகும் கறுப்பு டேப்பை முதுகில் சுற்றி, நாலு கட்டாக்கிவிடுவார்கள். வேகமாகப் படிக்கிற நஞ்சம்மா கையில் முதல் கட்டு போகும். அவள் முடித்ததும் ரூபா, அப்புறம் அருள்மேரி, கடைசியில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற தமிழ்செல்வி. முன்னால் போகிறவள் பின்னால் வருகிறவளிடம் கதையைப் பற்றி மூச்சு விடக்கூடாது. வீட்டில் தனியாக ஒருத்தி முழுதும் படித்துவிட்டு வந்தால் அது துரோகம். நாலு வருடமாக யாரும் மீறாத சட்டம் இது.

சாதா அட்டைப் புத்தகம் இந்தக் காரியத்துக்கென்றே பிறந்தது. பசைதான், பிளேடு வெண்ணெயில் போவதுபோல் போகும். பின்பக்கம் மடித்துக்கொண்டு ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையால் கம்பியைப் பற்றி, நின்றுகொண்டே படிக்கலாம். இது அப்படியில்லை. நூல் போட்டுத் தைத்தது. “இத லைப்ரரியில வச்சா நூறு வருஷம் நிக்கும்மா” என்று குருமூர்த்தி சார் நேற்று அட்டையைத் தட்டிக் காட்டியிருந்தார். ரூபா அவரிடம், சாதா அட்டையில் போட்டால்தான் எங்கள் ஆட்கள் வாங்குவார்கள், இதன் விலைக்கு ஒரு மாசத்துக் காய்கறி வந்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் அதை ஒரு பாராட்டுபோல எடுத்துக்கொண்டு பதிப்பகத்துக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

“என்னாடி, சாமி படமா வச்சிகினு பாத்துகினே இருக்கற? குடு இங்க” என்று நஞ்சம்மா வாங்கினாள். அட்டையை விரித்து, நூலைத் தேடிப் பிடித்து, வெங்காயம் அரிகிற நிதானத்தோடு அறுத்தாள். வெறுமையான நீல அட்டையை ரூபாவிடமே திருப்பித் தந்து, ஊறுகாய் ஜாடிக்கு மூடியாகும் என்று சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதேஸ்வரியும் சிரித்தாள். மாதேஸ்வரிக்கு இருபது வயது, இடது காது மடல் பிறவியிலேயே பிளந்தது. இரண்டு வருடம் முன்பு அஞ்செட்டியிலிருந்து வந்து இதே கம்பெனியில் சேர்ந்தவள். படிப்பில் நாட்டமில்லை, போன்தான் உலகம். நஞ்சம்மாவின் தங்கை என்று பஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும்.

தங்கை இல்லை, பெற்ற மகள் என்பது ஓசூர் பக்கத்தில் ரூபா ஒருத்திக்குத்தான் தெரியும். நஞ்சம்மாவைப் பதினைந்து வயதில் மாமன்காரனுக்குக் கட்டிவைத்தார்கள். அவன் அடித்த அடியில் கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்கு ஓடிவந்தாள். அவளுடைய அம்மா அஞ்செட்டிக்குக் குடிபெயர்ந்து, குழந்தையைத் தன் கடைக்குட்டி என்று ஊருக்குச் சொல்லி வளர்த்துக்கொண்டு, மகளைக் கம்பெனி ஹாஸ்டலுக்கு அனுப்பினாள். பிறகு டிராக்டர் ஓட்டுகிற திம்மப்பனோடு பேரிகையில் குடித்தனம். அவனுக்கும் தெரியாது, அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. மாதேஸ்வரிக்கு வேலை கிடைத்த அன்று, நஞ்சம்மா சந்தோஷம் தாங்காமல் பஸ் நிறுத்தத்தில் ரூபாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அதைப் போய் ரூபா குருமூர்த்தி சாரிடம் சொன்னாள். அவர் அந்தக் கம்பெனியிலேயே எச்.ஆர். மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பெனிப் பெண்களைப் பற்றி நாவல் எழுதப்போகிறேன், உன் வாழ்க்கையைச் சொல்லும்மா என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரச் சொன்னார். பிஸ்கட், காபி, ஃபேன் காற்று. ரூபாவும் சொன்னாள். ஆனால் ரூபாவின் வாழ்க்கையில் என்ன இருந்தது? ஷிப்டு, சமையல், முதுகுவலி. மூன்றாவது ஞாயிறு அவருடைய பேனா நின்று நின்று ஓடியதை அவள் பார்த்தாள். அது நிற்கக் கூடாது என்று தோன்றியது. அவ்வளவுதான் நடந்தது. நஞ்சம்மா கதையைத் தொடங்கியதும் பேனா பறந்தது. முடிக்கும்போது பயம் வந்து, “இத மட்டும் எழுதிடாதீங்க சார்” என்றாள். அவர் உடனே பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். மூடிய பேனாவை அவள் நம்பினாள்.

முதல் கட்டும் இரண்டாம் கட்டும் சிரிப்பாகப் போயின. கதையில் கேண்டீன் சாம்பாரை அளக்கிற சூப்பர்வைசர் நிஜத்தில் யாரென்று நான்கு பேருக்கும் தெரிந்துவிட்டது. நஞ்சம்மா மட்டும் சட்டப்படி வாயைத் திறக்காமல், அவர்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் கட்டைக் கொண்டுபோன மறுநாள் அவள் வழக்கமான இடத்தில் உட்காரவில்லை. மாதேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு கடைசி சீட்டுக்குப் போனாள். கட்டு எங்கே என்று அருள்மேரி கேட்டதற்கு, கேண்டீனில் வைத்தேன், காணோம் என்றாள். பத்து வருடத்தில் ஒரு ஹேர்பின்னைக்கூடத் தொலைக்காதவள். மூடிய பேனா ரூபாவின் நினைவுக்கு வந்தது.

வார விடுமுறையன்று ரூபா ஓசூர் நூலகத்துக்குப் போனாள். புத்தகம் கண்ணாடி அலமாரியில் இருந்தது. நூலகர் பூட்டைத் திறந்து எடுத்துத் தந்து, வந்ததிலிருந்து கேட்கிற முதல் ஆள் நீங்கள்தான், இவ்வளவு பெரிய புத்தகத்தை யார் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று குறைப்பட்டார். ரூபா நின்றபடியே நடுப்பகுதியைத் தேடினாள். நாகம்மா என்று ஒருத்தி. அஞ்செட்டி. மாமன். கடைக்குட்டியாக வளரும் பெண். பிறக்கும்போதே அந்தக் குழந்தைக்கு இடது காது மடல் பிளந்திருந்தது என்பதுவரை இருந்தது. அழகாகத்தான் எழுதியிருந்தார், படிக்கும்போது ரூபாவுக்கே கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்காகத் தன்மேலேயே அருவருப்பாகவும் இருந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். நூலகர் பூட்டினார். இந்தக் கனமும் இந்த விலையும் இந்தப் பூட்டும் வாழ்க என்று, சாதா அட்டையையே வாழ்நாளெல்லாம் நேசித்தவள் அன்று மனதாரக் கும்பிட்டாள்.

அங்கிருந்து நேராகக் குருமூர்த்தி சார் வீட்டுக்குப் போனாள். அவர் அவளைக் கண்டதும் துள்ளிக் குதிக்காத குறை. நானே போன் செய்வதாக இருந்தேன், மலிவுப் பதிப்பு அச்சுக்குப் போய்விட்டது, விழாவில் நீ சொன்ன சொல்தான் காரணம், அதை முன்னுரையிலேயே எழுதியிருக்கிறேன் என்றார். வேண்டாம் சார், நிறுத்துங்கள் என்று அவள் சொன்னது அவருக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியபோது முகம் வாடினார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் பேச முடியாமல் செய்தது.

“பேரை மாத்திட்டேனேம்மா. அந்த அத்தியாயம் இல்லன்னா நாவலே நிக்காது. உங்க ஆளுங்க படிக்கணும்னு நீதான கேட்ட?”

ஆமாம், அவள்தான் கேட்டாள். வாசல்வரை வந்து வழியனுப்பினார். செருப்பு மாட்டும்போது, அந்த அம்மாவுக்கு ஒரு பிரதி கையெழுத்துப் போட்டுத் தரட்டுமா என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

மறுநாள் ஷிப்டு முடிந்து பஸ் வரும்வரை நஞ்சம்மாவை ஷெட் ஓரமாக அழைத்துப்போய், ரூபா எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள், அழுதாள். நஞ்சம்மா அழவில்லை.

“ரெண்டாங்கட்டு படிக்கறப்பகூட உன்ன நெனச்சி பெருமையா இருந்துச்சி ரூபா. நம்மள கதையில ஏத்திட்டாளேன்னு.”

“பேரு மாத்தியிருக்குதுக்கா. யாருக்கும் தெரியாதுக்கா.”

“பேரத்தான மாத்தினாரு. அந்தக் காத எப்படி மாத்தறது?”

ரூபா கையைப் பிடிக்கப் போனாள். நஞ்சம்மா கையை இழுத்துக்கொண்டு, “பேடா” என்று கன்னடத்தில் சொன்னாள். வேண்டாம் என்பதை அவள் தமிழில் சொல்லியிருந்தால் அவ்வளவு வலித்திருக்காது. அவள் வீட்டுப் பேச்சு அது, வெளியாட்களிடம் தமிழ்தான் பேசுவாள்; கோபம் கட்டுமீறும்போது மட்டும் மொழி மாறிவிடும். அதற்குப் பின் ரூபாவிடம் அவள் இரண்டு மொழியிலும் பேசவில்லை.

பெண்கள் தினத்துக்குக் கம்பெனியில் வழக்கமாக ஒரு ஸ்டீல் டப்பா தருவார்கள். இந்த முறை பழைய மானேஜர் எழுதிய புத்தகம், அதுவும் நம்மைப் பற்றியே எழுதியது என்று நிர்வாகம் மொத்தமாக வாங்கிவிட்டது. ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது கேட்டில் ஆளுக்கொரு ரோஜாப்பூ, ஒரு மைசூர்பாக் பெட்டி, ஒரு புத்தகம். வழவழப்பான மெல்லிய அட்டை, அதில் பஸ் ஜன்னல் வழியே பார்க்கிற ஒரு பெண்ணின் படம். எந்தப் பையிலும் நுழைகிற அளவு. புத்தகத்தை உள்ளே கொண்டுபோகத் தடை சொன்ன அதே செக்யூரிட்டி, ஒவ்வொருத்தி கையிலும் அதைத் திணித்துக்கொண்டிருந்தான்.

பஸ்ஸில் ஏறியதும் ரூபா ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தாள். டப்பா கிடைக்கவில்லையே என்று முன்சீட்டுக்காரிகள் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி புத்தகத்தால் விசிறிக்கொண்டாள். ஒருத்தி மைசூர்பாக் துண்டுகளை அதன்மேல் பரப்பித் தின்றாள். இன்னொருத்தி ஆடுகிற சீட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள். ரூபாவுக்கு ஒவ்வொருத்தியையும் கும்பிடத் தோன்றியது. யாரும் படிக்காதீர்கள் தாய்களே, இப்படியே விசிறுங்கள், இப்படியே தின்னுங்கள். அருள்மேரியும் தமிழ்செல்வியும் மட்டும் காணாமல்போன மூன்றாம் பகுதி கிடைத்துவிட்டது என்று ஆசையாகப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தமிழ்செல்வி மெதுவாகப் படிப்பாள். அருள்மேரி பாகலூர் வருவதற்குள் அந்த இடத்துக்கு வந்துவிடுவாள்.

கடைசி சீட்டில் மாதேஸ்வரி போனை மடியில் கவிழ்த்துவைத்துவிட்டு, பின்னட்டையை முகத்துக்கு அருகே பிடித்திருந்தாள்.

“அக்கா, நம்ம அஞ்செட்டி பேரு போட்டிருக்குதுக்கா இதுல.”

நஞ்சம்மா, பஸ்ஸில் படித்தால் தலை சுற்றும், வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றாள். குரல் ரூபாவின் சீட்டுவரை தெளிவாகக் கேட்டது. நீ தினமும் படிக்கிறியே, உனக்குச் சுத்தலையா என்று பெண் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அட்டையைப் பின்பக்கமாக மடித்து, முதல் பக்கத்தில் விரலை வைத்துக் கொஞ்சம் உரக்கவே தொடங்கினாள். பள்ளிக்கூடத்தை விட்டபின் அவள் படிக்கும் முதல் புத்தகம். நீளமான சொற்களில் தடுக்கினாள். தடுக்கிய இடத்தில் நிமிர்ந்து பார்த்தாள்.

நஞ்சம்மா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. ரூபாவைப் பார்க்கவும் இல்லை. சாலை குண்டும் குழியுமாக இருந்ததால் புத்தகம் ஆடியது. அவள் கையை நீட்டி மறுபக்கத்து ஓரத்தைப் பிடித்து, எழுத்து ஆடாமல் நிறுத்தி, அடுத்த சொல்லை மெதுவாகச் சொல்லிக்கொடுத்தாள்.