பூதத்தின் தோள்பட்டைத் தையல்

ஒரு அயல்மொழிப் பேய்ப்படத்தின் தேய்ந்த கேசட்டை வருடக்கணக்காகப் போட்டுப் போட்டு, அதில் வரும் குளத்துப் பூதத்தைப் பார்த்து நடுங்கியவர் தையல்காரியின் கணவர். வசனம் ஒரு வார்த்தை புரியாது. பயப்பட வசனம் எதற்கு? அதே படத்தைத் துலக்கிப் புது டிஸ்க்காக விட்டிருக்கிறார்கள் என்றதும் ஆசை ஆசையாக வாங்கிவந்து போட்டார்.

பூதம் தண்ணீரிலிருந்து எழுந்தது. அவர் முகம் தொங்கிப்போயிற்று. படம் அவ்வளவு தெளிவு. பூதத்தின் தோளில் ஓடிய தையல்கூடத் தெரிந்தது.

"போச்சு! வெறும் ரப்பர் சட்டை!"

பேய்ப்படம் என்றாலே அடுத்த அறைக்குப் போய்விடுகிற மனைவி, தையல் என்றால் சும்மா இருப்பாளா? மெஷினை விட்டு எழுந்து வந்து, டிவியில் மூக்கு முட்டும்படி குனிந்தாள்.

"நிறுத்துங்க. முந்தின சீனைப் போடுங்க."

போட்டார்.

"இதுல தோள்ல தையலே இல்ல, பாத்தீங்களா? ஷூட்டிங் நடுவுல கிழிஞ்சிருக்கு. ஆளை உள்ள வச்சே தைச்சிருக்காங்க. செதிலோட செதில் எப்படிப் பொருந்துது! அந்தக் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்."

கத்தரிக்கோலும் கையுமாக அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கடைசிக் காட்சியில் கதாநாயகன் பூதத்தின் மேல் ஈட்டியை ஓங்கினான். அவள் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினாள்:

"அடப்பாவி, தோள்ல குத்தாதடா! இப்பத்தானே தைச்சாங்க!"