ஐம்பத்தைந்து டிசம்பரில் முடிந்த சம்பந்தம்

பெண்ணின் அப்பா பகவதிப்பெருமாளின் சம்மதத்துக்கு விலை பத்து வருடம். காத்துக் கிடக்க வேண்டிய பத்து வருடம் இல்லை, ஒத்துக்கொள்ள வேண்டிய பத்து வருடம். 1937 ஜூன் தொடங்கி 1947 ஜூன் வரை குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் குத்திய குத்துக்கு ஈடாக இந்தப் பூமியில் எவனும் எந்தப் பத்து வருடத்திலும் குத்தியதில்லை என்று மாப்பிள்ளையின் அப்பா தன் வாயால் சொல்லிவிட்டால் போதும். பெண் தயார், தேதி தயார், பாயசத்தில் சேமியாவா அரிசி அடையா என்பதுகூட முடிவாகிவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பா சிவதாணு சொல்லவில்லை. அவர் முகமது அலி கட்சி.

இருவருக்கும் சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவில்தான் கடை. பகவதிப்பெருமாளுடையது ஜீரகம், கடுகு, வெந்தயம் மொத்த வியாபாரம். சிவதாணுவுடையது கயிறு; கிணற்றுக் கயிறு முதல் லாரியில் சுமை கட்டும் வடம் வரை. இருவருமே ஆயுளில் யாரையும் கைநீட்டி அடித்தவர்கள் இல்லை. பகவதிப்பெருமாளுக்கு லூயிஸ் வந்து சேர்ந்தது எடைக்கு வாங்கிய பழைய காகிதத்தில். பொட்டலம் கட்டப் பிரித்த கட்டுக்குள் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகைகள் இருந்தன. அந்த ஒரு கட்டில் மட்டும் அவர் கடுகு மடிக்கவில்லை. சிவதாணுவுக்கு அலி வந்தது தொழில் வழியாக. 1974-இல் கின்ஷாசாவில் அலி மேடைக் கயிற்றில் சாய்ந்து நின்று, எதிராளி ஃபோர்மனை அடிக்க விட்டு, அவர் கை ஓய்ந்த பிறகு எட்டாவது ரவுண்டில் சாய்த்தாரே, அந்தச் சண்டையை ஜெயித்தது கயிறு என்பது சிவதாணுவின் உறுதியான கருத்து.

பெண் பார்க்க வந்த அன்று பதினொரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. வரதட்சணை கிடையாது, மண்டபம் கரமனையில், செலவு பாதிப் பாதி. பெண் அஞ்சுவும் மாப்பிள்ளை அனூப்பும் கழக்கூட்டத்தில் ஒரே கம்பெனியில் நாலு வருடமாக ஒரே பாத்திரத்தில் சாப்பிடுகிறவர்கள். அவர்களுக்கு அந்தப் பதினொரு நிமிடமே அதிகம். எழுந்து கைகழுவப் போன சிவதாணு, சாமி படங்களுக்கு நடுவில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். வெறும் உடம்பு, கையில் உறை.

"இது யாராக்கும் அண்ணாச்சி?"

"ஜோ லூயிஸ்."

"ஓ, அலிக்கு முந்தினவனா."

போன வருடச் சரக்கைச் சொல்கிற குரலில் சொன்னார். அவ்வளவுதான். பகவதிப்பெருமாள் தாம்பூலத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதில் சுண்ணாம்பு டப்பா உருண்டு மாப்பிள்ளையின் சித்தப்பா மடியில் போய் விழுந்தது.

அதன் பிறகு இரண்டு மாதம் பேச்சு. பேச்சென்றால் பேரம்.

"லூயிஸ் பட்டத்தை இருபத்தஞ்சு தடவை காப்பாத்தினவனாக்கும்," என்றார் பகவதிப்பெருமாள்.

"அதுல நாப்பத்தொண்ணுல மாசத்துக்கு ஒருத்தனா அடிச்சானே, அவனுவ பேரு ஒண்ணு சொல்லும் பாப்போம். பதர் வே, பதர். பதரைத் தூத்திட்டு எடை சொல்லும்."

"சரி, அதுல நாலைக் கழிச்சுக்கிடும். நீரு எதைக் கழிப்பீரு?"

"லிஸ்டனோட ரெண்டாவது சண்டை. அவன் வேணும்னே விழுந்தான்னு ஊருல ஒரு மாதிரி பேசுதானுவ."

"ஒண்ணுதானா? நான் நாலு கொடுத்தேன் ஓய்."

"உம்ம நாலும் என் ஒண்ணும் ஒரே தரமா?"

இன்னொரு நாள் அலியின் பத்து வருடத்தை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தகராறு. சிவதாணுவுக்கு 1964 பிப்ரவரியும் வேண்டும், 1974 அக்டோபரும் வேண்டும்.

"அது பத்து வருசமா? பத்து வருசம் எட்டு மாசம்."

"எட்டு மாசம் கொசுறு."

"கீரைக்கட்டுக்குக் கொசுறு உண்டு. கின்ஷாசாவையா கொசுறு கேக்கது?"

"பின்னே நீரு ஏன் முப்பத்தேழு ஜூன்ல தொடங்குதீரு? முப்பத்தாறுல ஜெர்மன்காரன் ஷ்மெலிங் அடிச்சதை வெளியில தள்ளத்தானே? மூட்டை வாயில நல்ல சரக்கை வச்சுக் கட்டுத வித்தை எனக்கும் தெரியும்."

பகவதிப்பெருமாளின் மனைவி பிரேமா இட்லி மாவு அரைப்பதை நிறுத்திவிட்டு வந்து சொன்னாள்: "ரெண்டு வெள்ளைக்காரனுக்காக எம்பிள்ளை கல்யாணம் நிக்கா?"

"ரெண்டு பேரும் வெள்ளைக்காரன் இல்லைட்டி," என்றார் அவர். அதில் மட்டும் சிவதாணு அவர் கட்சி.

அஞ்சு ஒருநாள் கேட்டாள்: "அப்பா, நீங்க யாரையாவது ஒரு தடவை குத்தியிருக்கீங்களா?"

"நான் ஜீரகம் விக்கேன். அதுக்காக ஜீரகமாக் காய்க்கணுமா?"

மண்டபக்காரன் கூப்பிட்டுவிட்டான். திங்கட்கிழமைக்குள் உறுதி சொல்லாவிட்டால் சிங்ஙம், அதாவது ஆவணி மாத முகூர்த்தத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவானாம். அதற்கடுத்த முகூர்த்தத்துக்குள் அனூப்பை கம்பெனி மூன்று வருடத்துக்குக் கனடாவுக்கு அனுப்புகிறது. அஞ்சு அன்று அழவில்லை. நேராக சாலைக் கம்போளத்துக்குப் போய் சரோஜம் அக்காவைப் பார்த்தாள்.

சரோஜம் மிளகு வியாபாரி. சாலையில் ஒரு சரக்கைப் பற்றி இரண்டு கடைக்காரர்களுக்குள் வழக்கு வந்தால் போலீசுக்கும் போவதில்லை, வக்கீலிடமும் போவதில்லை. சரோஜத்தின் கடைக்குப் போவார்கள். அவர் குத்தூசியை எடுப்பார். மூட்டையைப் பிரிக்காமலே குத்தி உள்ளிருப்பதை வெளியே எடுக்கும் அந்தக் கூர்க்குழலை மூன்று இடத்தில் குத்துவார்: வாய், வயிறு, அடி. கையில் விழுந்ததைப் பார்த்துச் சொல்வார். சொன்னால் சொன்னதுதான், நாற்பது வருடமாக அதை எவரும் மீறியதில்லை. குத்துச்சண்டை பற்றி அவருக்குத் தெரிந்தது, அதில் இரண்டு பேர் வேண்டும் என்பது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு வீட்டாரும் மிளகு மூட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள். அனூப் கைபேசியைத் திறந்து வைத்துக்கொண்டான்.

"பத்து வருசமும் ஒரு மூட்டை," என்றார் சரோஜம். "நீங்க பொறுக்கித் தரப்பிடாது. நான் எங்க குத்துதனோ அங்க உள்ளதுதான் சரக்கு. லூயிஸ் மூட்டை வாய்?"

அனூப் பார்த்துச் சொன்னான். "முப்பத்தேழு ஜூன். பிராடக்கை எட்டாம் ரவுண்டில் வீழ்த்திப் பட்டம். முதல் ரவுண்டில் லூயிஸே ஒரு தடவை கீழே விழுந்திட்டுண்டு."

"கல்லு ஒண்ணு இருக்கு. சரக்கு நல்லது. அலி மூட்டை வாய்?"

"அறுபத்திநாலு பிப்ரவரி. லிஸ்டன் ஏழாம் ரவுண்டுக்கு எழும்பல்ல."

"நல்லது. அடி ரெண்டும் சொல்லு."

லூயிஸ் நாற்பத்தாறில் ஒருவரை ஒரே ரவுண்டில் முடித்திருந்தார். அலிக்கு அடியில் கின்ஷாசா. எட்டு மாதக் கொசுறைப் பற்றி பகவதிப்பெருமாள் வாயைத் திறந்தார். சரோஜம் குத்தூசியை அவர் பக்கம் நீட்டினார். அவர் மூடிக்கொண்டார்.

"இனி வயிறு. லூயிஸுக்கு நடு எது?"

"நாற்பத்திரண்டு ஜூன்," என்றான் அனூப். பிறகு திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "ஒண்ணுமில்ல ஆன்ட்டி. பட்டாளத்துக்குப் போயாச்சு. நாப்பத்தாறு வரைக்கும் பட்டத்துக்குச் சண்டை இல்ல."

"அலிக்கு?"

"அறுபத்தொம்பது ஜூன். அதும் ஒண்ணுமில்ல. பட்டாளத்துக்குப் போக மாட்டேன்னு சொன்னதுக்கு லைசென்ஸ் புடுங்கியாச்சு. மூணரை வருஷம்."

சரோஜம் குத்தூசியை மடியில் வைத்தார். "ஒருத்தன் போய்ட்டான்னு காலி, ஒருத்தன் போகலேன்னு காலி. ரெண்டு மூட்டைக்கும் வயிறு இல்ல. வாயும் அடியும் ஒரே தரம். இதுல கூடுதல் குறைச்சல் சொல்ல எனக்கு வகையில்ல."

"அப்போ?" என்றார்கள் இருவரும்.

"சமமான சரக்குக்கு சாலையில என்ன வழக்கம்? நடுவுல வச்சு முடி."

இப்படி ஒரு தவறைச் செய்ய வேறு ஊரில் ஆள் கிடையாது. ஒருவன் ஐம்பது சொன்னால், மற்றவன் நாற்பது சொன்னால், நாற்பத்தைந்தில் கைகொடுத்துப் பழகியவர்கள். இருவர் முகமும் தெளிந்தது. இரண்டு மாதமாகக் கிடைக்காத வழி கண்ணெதிரே நின்றது.

"நாப்பத்திரண்டு ஜூனும் அறுபத்தொம்பது ஜூனும்," என்று பகவதிப்பெருமாள் விரல் மடக்கினார். "இடையில இருபத்தேழு வருசம். பாதி பதிமூணரை."

"ஐம்பத்தஞ்சு டிசம்பர்," என்றார் சிவதாணு, அவரை முந்தி.

"அப்போ ஐம்பத்தஞ்சு டிசம்பர்ல எவன் சாம்பியனோ, அவன் பத்து வருசந்தான் பெருசு. சம்மதமா?" என்றார் சரோஜம்.

இருவரும் கைகொடுத்தார்கள். வெற்றியை யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுத்தார்கள்.

அனூப் தேடினான். "ராக்கி மார்சியானோ. நாற்பத்தொம்பது சண்டை, நாற்பத்தொம்பதும் ஜெயம். தோல்வியே இல்ல."

"கேட்டேரா! தோல்வியே இல்லியாம்," என்று பகவதிப்பெருமாள் மகிழ்ந்தார். சிவதாணுவும் மகிழ்ந்தார். தன் ஆள் ஜெயிக்கவில்லை. அதைவிட, மற்றவன் ஆளும் ஜெயிக்கவில்லை. சரோஜம் கடைப்பையனிடம் சுக்குக் காப்பி சொன்னார். அஞ்சு மண்டபக்காரனின் எண்ணை அழுத்தத் தொடங்கினாள்.

அனூப் மட்டும் கைபேசியைச் சட்டென்று கவிழ்த்து வைத்தான். வியாபாரிகள் முன்னால் எதையும் கவிழ்த்து வைக்கக் கூடாது. பகவதிப்பெருமாள் அதை நிமிர்த்தினார். ஆங்கிலத்தை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

1951 அக்டோபர். எட்டாவது ரவுண்டு. கயிற்றுக்கு வெளியே பாதி உடம்பு கிடக்க, மல்லாந்த ஆள் ஜோ லூயிஸ். அடித்த ஆள் மார்சியானோ.

அஞ்சு அழைப்பைத் துண்டித்தாள்.

"எங்க வீட்டுச் சாமி படத்துக்கு நடுவுல இருக்க ஆளு," என்றார் பகவதிப்பெருமாள். குரல் ஜீரகப் பொடிபோல உதிர்ந்தது. "அவனை இந்த மாதிரி கிடத்தினவன் பேரைச் சொல்லி நான் பிள்ளையைக் கட்டிக் கொடுக்கணுமா?"

"அப்பா, அப்ப அவருக்கு முப்பத்தேழு வயசு. உங்க பத்து வருஷம் முடிஞ்சு நாலு வருஷம் ஆச்சு."

"வயசானா நம்ம ஆளு இல்லாம ஆயிருவானா மக்ளே?"

அவர் செருப்பைத் தேடினார். ஒன்று கிடைத்து மாட்டிக்கொண்டார், மற்றதைக் காணவில்லை. குனிந்து துழாவினார். அஞ்சு நகரவில்லை. அந்தச் செருப்பு கிடைத்துவிட்டால் கல்யாணம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதன்மேல்தான் அவள் காலை வைத்திருந்தாள்.

சிவதாணு தொண்டையைச் செருமினார்.

"அண்ணாச்சி, இருங்க. எண்பதுல அலியையும் அடிச்சான். ஹோம்ஸ்னு ஒருத்தன். அலிகூடவே நின்னு பழகினவனாக்கும். அலிக்கு முப்பத்தெட்டு வயசு. பத்து ரவுண்டு நின்னான், கை தூக்க மாட்டாம நின்னான். கயித்துல சாஞ்சும் பாத்தான், கயிறு உதவல." அவர் வேட்டி நுனியைப் பார்த்தபடி சொன்னார். "நான் இதை இதுவரைக்கும் எவன்கிட்டயும் சொன்னதில்ல. கடையில கேட்டா, அலி எழுபத்தெட்டோட நிறுத்திட்டான்னு சொல்லிருவேன். உங்க அடியைக் கணக்குல எழுதினா எங்க அடியையும் எழுதச் சொல்லுங்க."

பகவதிப்பெருமாள் குனிந்த நிலையிலேயே திரும்பிப் பார்த்தார்.

"பத்து ரவுண்டா?"

"பத்து."

"எவனும் நிறுத்தல்லியா?"

"பத்தாவதுக்குப் பொறவு அவன் ஆளுகளே நிறுத்தினானுவ."

"பாவம் வே," என்றார் பகவதிப்பெருமாள். ஒற்றைச் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி மூட்டைமேல் உட்கார்ந்தார். "எழுதும் அக்கா."

அஞ்சு காலை எடுத்தாள். மண்டபத்தின் எண்ணை அழுத்தினாள். சரோஜம் மிளகு சாம்பிள் மடிக்கிற காகிதத்தை மடியில் விரித்து, பென்சிலை நாக்கில் தொட்டு எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்:

பகவதிப்பெருமாள் வகையில் ஜோ லூயிஸ் வயதான காலத்தில் பட்டது: எட்டு ரவுண்டு.

சிவதாணு வகையில் முகமது அலி வயதான காலத்தில் பட்டது: பத்து ரவுண்டு.

கழிந்தது போக, பகவதிப்பெருமாள் இன்னும் பட வேண்டிய பாக்கி: இரண்டு ரவுண்டு. தவணை, கல்யாணத்துக்குப் பிறகு.