ஒரு பாட்டில் பெட்ரோல்

பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறிய வருஷம் அது. லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த பியட், மழைக்காலம் பிறந்ததும் எட்டுக்கு இறங்கிவிட்டது. மீதிப் பெட்ரோல் எங்கே போகிறது? டிரைவர் வீரபத்திரன் திருடி விற்கிறான். அந்த வீரபத்திரன் நான்தான். முதலாளி ரிஷபதாஸ் நயினார் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. டாங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குப் பதில் செருப்பாலேயே அடித்திருக்கலாம்.

பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும் காரணம் எனக்குத் தெரியும். நயினார் சமணர். மழைக்காலத்தில் ரோட்டில் தவளையும் மரவட்டையும் திரியும். ஓர் உயிர்கூட நசுங்கக் கூடாது என்பார். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து மாகறலில் உள்ள அவர் நிலம்வரை, போக வர, இரண்டாவது கியரிலேயே உருட்டுவேன். இஞ்சின் கத்தும், பெட்ரோல் கரையும். சொல்லியும் பார்த்தேன்.

"மெதுவா போனா மிச்சம்தானே ஆவும்? யார் காதுல பூ சுத்தறே?" என்றார்.

உண்மையைச் சொன்னதில் சந்தேகம் இன்னும் முற்றியது. வேலையை விட்டாலோ, திருடிவிட்டு ஓடினான் என்பார்கள். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு வேறு இடம் தேடுவேன்? இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அது நான்தான்.

கடைசியில் நயினார் வண்டியை மெக்கானிக் கலியாணசுந்தரத்திடம் காட்டினார். அவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், கார்புரேட்டரைப் பிரித்தார், பிரேக் பிடித்துக்கொள்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றினார், டாங்க்கின் அடியில் ஒழுகுகிறதா என்று தடவினார். எங்காவது ஓர் ஓட்டை இருக்கட்டும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை.

"வண்டி மேல ஒரு கொறையும் இல்ல நயினாரே."

பிறகு ஒரு பாட்டிலில் ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றி, பானெட்டுக்குள் கட்டி, டாங்க் குழாய்க்குப் பதில் அதன் குழாயை மாட்டினார். எங்களை ஏற்றிக்கொண்டு அவரே டாப் கியரில் ஓட்டினார். நயினார் அன்று முன்னால் உட்கார்ந்து, ரோட்டைப் பார்க்காமல் மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டித்தான் வண்டி நின்றது. நயினார் என் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு இன்னாபா சொல்றே?"

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "இன்னொரு பாட்டில் ஊத்துப்பா. இப்ப நான் ஓட்டறேன். நயினாரு எப்பவும்போல பின்னால குந்தட்டும்."

வண்டி நகர்ந்ததும் அவர் வழக்கம்போல ஆரம்பித்தார். "மெதுவாபா. அதோ தவளை. ஒதுக்கி ஓட்டு." வண்டி நின்றபோது கலியாணசுந்தரம் மீட்டரைப் பார்த்துச் சிரித்துவிட்டார். எட்டுகூட வரவில்லை.

"ரெண்டாவது கியர்ல இழுத்துக்கினே போனா இப்படித்தான் குடிக்கும். டாப்புல போங்க, சரியாப்பூடும்."

சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. நயினார் கதவைத் திறந்து இறங்கினார். பிறகு என் முன்னால் வந்து கைகூப்பினார்.

"உம்மேல வீண்பழி போட்டுட்டேன். மன்னிச்சுடுப்பா. வேகமா போனா உயிர் சாவுது. மெதுவா போனா பெட்ரோல் கட்டுப்படி ஆவல. நெலத்த குத்தகைக்கு உட்டுடறேன். இனிமே வண்டி வேணாம்."

"அப்போ நானு?"

"நீ யோக்கியன்பா. எவன் கேட்டாலும் நான் சொல்றேன்."

அன்று காலை வீட்டிலிருந்து கிளம்பியபோது நான் திருடனாக இருந்தேன். வேலையும் இருந்தது.