நோலனின் இரண்டாவது ஆள்

நோலன் ஃபூசெலியே ஒன்பது வருடம் எனக்கு ஏஜென்ட்டாக இருந்தார். அந்த ஒன்பது வருடத்தில் என் எலும்பு ஒன்றுகூட முறியவில்லை. பந்தயக் குதிரையில் ஏறிப் பிழைக்கிறவன் இப்படிச் சொன்னால் எங்கள் லூசியானாவில் கண்ணை விரித்துப் பார்ப்பார்கள். "எல்ரே சோனியேவுக்கு மாதா துணை இருக்காங்க" என்றார்கள். நானும் சிலுவை போட்டுக்கொண்டு தலையாட்டினேன். மாதாவை எதற்கு இதில் இழுக்க வேண்டும்? துணை யார் என்று எனக்குத் தெரியும்.

ஜாக்கியைத் தேடிக் குதிரை வராது. விடிந்ததும் நோலன் பந்தய மைதானத்தின் பின்புறம் லாயம் லாயமாக ஏறி இறங்குவார். எல்லா லாயத்திலும் அவருக்கு ஒரு காபி உண்டு, ஒரு வம்பு உண்டு. டிரெய்னர்களிடம் பேசி எங்களுக்குக் குதிரை பிடித்துத் தருவார். ஓர் ஏஜென்ட் இரண்டு ஜாக்கிகளை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் விதியில் இடமில்லை. நான் முதல் ஆள். என் நண்பன் பிளாசித் தூசே இரண்டாவது ஆள். அவனும் அவன் மனைவி நெட்டியும் பெற்ற மகள் ஓடிலுக்கு நான்தான் ஞானத்தகப்பன்.

லாயம் லாயமாகப் போகிறவருக்கு எந்தக் குதிரையின் கால் வீங்கிச் சூடாக இருக்கிறது, எது ராத்திரி தீவனத்தைத் தொடவில்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். அப்படி ஒரு குதிரை என் பெயரில் இருந்தால், "அதுல நீ வேணாம், உனக்கு வேற லாயத்துல முன்னாடியே வாக்குக் குடுத்துட்டேன்" என்பார். நான் சரி என்பேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் ஒரு டிரெய்னருக்கு ஜாக்கி தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கைவிரித்தால் அந்த லாயத்தில் அடுத்த காபி கிடைக்காது. என்னை இறக்கினால் வேறொருவனை ஏற்றியாக வேண்டும். நோலன் கையில் இருந்தது இரண்டே பேர். கணக்கு அவ்வளவுதான், இதற்குப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. ஹோமர் என்ற டிரெய்னரின் லாயத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தேன். சனிக்கிழமை நான் ஏற வேண்டிய பெண் குதிரையின் கதவில் சாக்குப்படுதா தொங்கியது. காற்றில் அது விலகியபோது குதிரை முன்னங்கால் இரண்டையும் ஐஸ் தொட்டிக்குள் வைத்து நிற்பதைப் பார்த்தேன். களைத்த காலுக்கு ஐஸ் வைப்பது புதிதல்ல, எல்லோரும் வைப்பார்கள். யாரும் படுதா போட்டு மறைக்க மாட்டார்கள். உள்ளேயிருந்து நோலன் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். "சனிக்கிழமை உனக்கு வேற குதிரை" என்றார்.

அந்தப் பெண் குதிரையில் பிளாசித் ஏறினான். கடைசி வளைவுக்கு முன்னால் அதன் கால் ஒடிந்தது. பின்னால் வந்த குதிரைகளில் ஒன்று அவன் மேல் ஏறிப் போனது. அதே பந்தயத்தில் வேறு குதிரையில் இருந்த நான் விலகிப் போய் மூன்றாவதாக வந்தேன். இடுப்பிலும் தொடையிலும் அவனுக்குத் தகடு வைத்தார்கள். வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். திரும்பி வரும்போது, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைப்பேன். நான் கோழை. வேறு அழகான வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

பிளாசித்தின் இடத்துக்கு ட்ரே வந்தான். இருபத்துமூன்று வயது, இரும்புக் கை, யாரைக் கண்டும் பயம் கிடையாது. இந்தக் குளிர்காலம் முழுக்க என்னைவிட இரண்டு மடங்கு ஜெயித்தான். எனக்கு நாற்பத்தொன்று. நோலன் இப்போது காபி குடிக்க முதலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பயப்பட வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

புனித வாரத்துக்கு முந்தைய வாரம் நோலன் வந்து தோளில் தட்டினார்.

"எல்ரே, வெள்ளிக்கிழமை பெத்தி ரூஜ்ல நீ ஏறு. நல்ல குதிரை, கையில குடுக்கறேன்."

பெத்தி ரூஜ் ஹோமரின் சிவப்புக் குதிரை. அதில் ட்ரே ஒருமுறை ஜெயித்திருந்தான், ஒருமுறை இரண்டாவதாக வந்திருந்தான்.

"அது ட்ரேயோடதாச்சே?"

"அவனுக்கு வேற லாயத்துல முன்னாடியே வாக்குக் குடுத்துட்டேன்" என்றார் நோலன்.

அதே வாக்கியம். ஒன்பது வருடம் என்னைக் காப்பாற்றிய வாக்கியம், இப்போது இன்னொருவன் பெயரோடு வந்தது. குதிரைக்கு என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்டால், இந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு முன்பே தெரியும் என்றாகிவிடும். நோலன் பதிலுக்காகக் காத்திருந்தார், பொறுமையாக, தொப்பியைச் சரிசெய்துகொண்டு.

"சரி" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஜாக்கிகள் அறையில் ட்ரே என் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தான். அதே பந்தயத்தில் அவனுக்கு ஒரு கிழட்டுக் குதிரை. பந்தயம் கட்டுகிற எவனும் திரும்பிப் பார்க்காத குதிரை. அன்றைக்கு அவன் பேச்சை நிறுத்தவே இல்லை. அவன் அம்மா செய்த பூதாங், அந்த அரிசி அடைத்த தொத்திறைச்சி, பற்றிச் சொன்னான், சூயிங்கம் நீட்டினான். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"ட்ரே, குதிரை எப்படிடா?"

"நல்ல குதிரைதாண்ணே" என்றான் பூட்ஸிடம். "நல்ல குதிரைதான். பாத்து ஓட்டுங்க."

ஜாக்கி ஜாக்கியிடம் அப்படிச் சொல்ல மாட்டான். ஜெயிச்சுட்டு வா என்பான், என் பின்னாடி வராத என்று கேலி செய்வான். பாத்து ஓட்டு என்று பெண்டாட்டிதான் சொல்வாள். ட்ரேயைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் நான் பிளாசித்திடம் அதைக்கூடச் சொல்லவில்லை.

ஏறினேன். பார்வையாளர்கள் முன்னால் நடக்கும்போது பெத்தி ரூஜ் ராஜா மாதிரி நடந்தது. மெல்ல ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடியது. ஒருவேளை நோலன் உண்மையிலேயே என் மேல் இரக்கப்பட்டு நல்ல குதிரை கொடுத்திருக்கிறாரோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அப்போது இடது முன்னங்கால் ஒருமுறை, ஒரே ஒருமுறை, தரையைத் தொடத் தயங்கியது. மேலே உட்கார்ந்திருக்கிறவனுக்கு மட்டும் தெரிகிற தயக்கம்.

கிளம்பும் இடத்தில் நின்ற மைதானத்துக் குதிரை மருத்துவரிடம் நேராகப் போனேன். "டாக்டர், இடது முன்னங்கால். இது ஓடக்கூடாது."

அவர் குதிரையை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். குனிந்து காலைத் தடவினார். கையை உயர்த்தி, இந்தக் குதிரை இல்லை என்று சைகை காட்டினார். நான் இறங்கி அந்த மண்ணில் நின்றபோது அழுகை வந்தது, பெரிய வீரச்செயல் செய்தவன் மாதிரி. என் தோலைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். அந்த நேரத்தில் அந்த வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

நோலன் வண்டிகள் நிற்கும் இடத்தில் காத்திருந்தார்.

"ஹோமர் முன்னாடி என் மூஞ்சில கரியப் பூசிட்ட."

"கால் போன குதிரைல என்னை ஏத்துனீங்க."

"ஒனக்கு ஏஜென்ட் வேணாம்டா, கன்னியாஸ்திரீதான் வேணும். ஒம்பது வருஷமா நல்ல குதிரையாப் பாத்து ஒன்னைய ஏத்துனேனே, அப்ப கெட்ட குதிரையெல்லாம் எங்க போச்சுன்னு கேட்டியா?"

நான் தலைக்கவசத்தின் வாரைக் கழற்றினேன்.

"ரெண்டு பேருக்கு நான் சோறு போடணும். ரெண்டு பேருக்கும் நல்ல குதிரை எந்த லாயத்துலடா இருக்கு? ஒருத்தனுக்கு நல்லது பண்ணா இன்னொருத்தனுக்குக் கெட்டதுதான். அது ஒனக்குத் தெரியும், நல்லாவே தெரியும்." அவர் குரலில் கோபம்கூட இல்லை. "திங்கக்கிழமைல இருந்து நீயே ஒனக்குக் குதிரை பாத்துக்க."

திங்கட்கிழமை முதல் எனக்கு ஏஜென்ட் இல்லை. புதன்கிழமை என் மனைவி வெர்லின் கோயிலிலிருந்து சிரித்த முகத்தோடு வந்தாள்.

"பிளாசித்துக்கு ஜாக்கி லைசென்ஸ் திரும்பக் கெடச்சிருச்சாம். நோலன் அவரையே மறுபடி சேத்துக்கிட்டாராம். நெட்டி சந்தோஷத்துல அழுவுறா."

"எப்ப ஏறுறானாம்?"

"சனிக்கிழமை. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மைதானமாம். ஏதோ செவப்புக் குதிரை, ஹோமரோடதாம்."

எங்கள் மருத்துவர் தடுத்த குதிரைகளின் பட்டியல் எல்லையைத் தாண்டிப் போகாது. நோலனின் இரண்டு இடங்களில் ஒன்றை நான் காலி செய்துகொடுத்தேன். அதில் பிளாசித்தை உட்கார வைத்து, நான் இறங்கிய குதிரையையும் அவனுக்கே கொடுத்துவிட்டார். புதன் ராத்திரி போகவில்லை. வியாழனும் போகவில்லை. வண்டிச் சாவியை எடுப்பேன், வைப்பேன். என்னைவிட அந்தச் சாவிக்குத்தான் களைப்பு.

பெரிய வெள்ளி மதியம் போனேன். அன்றைக்கு எங்கள் பக்கம் யாரும் இறைச்சி தொட மாட்டார்கள், வீட்டுக்கு வீடு இறால் மாதிரியான நண்டுமீன் வேகும். பிளாசித் முற்றத்தில் பெரிய பானைக்குள் துடுப்பை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தான். எடையைக் குறைத்திருந்தான், கன்னம் ஒட்டியிருந்தது, கண்ணில் மட்டும் விளக்கு எரிந்தது. தள்ளி நெட்டி மேசையில் செய்தித்தாள் விரித்துக்கொண்டிருந்தாள்.

"வா மச்சான், சரியான நேரத்துக்கு வந்துட்ட! மூக்கு நல்லா வேலை செய்யுது போல."

"பிளாசித், நாளைக்கு அந்தக் குதிரைல ஏறாத. எடது முன்னங்கால் சரியில்ல."

அவன் சிரித்தான். "நீ இத சொல்ல வருவன்னு நோலன் அப்பவே சொன்னாரு."

"டாக்டரே பாத்து நிறுத்துன குதிரைடா அது."

"குளம்புல கல்லு குத்தியிருந்துச்சாம். எடுத்தாச்சு. மச்சான், ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு மனுஷன் என்னயக் கூப்ட்டுக் குதிரை குடுத்திருக்காரு. ஒன்னய எறக்கிட்டு என்னய ஏத்திட்டாருன்னு ஒனக்கு வயித்தெரிச்சல். இருக்கட்டும், தப்பில்ல. எனக்கும் இருந்திருக்கும்."

"நோலனுக்குத் தெரியும் பிளாசித். தெரிஞ்சேதான் குடுக்கறாரு."

"வாய அளந்து பேசு. நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப வாரம் தவறாம வந்த மனுஷன் அவரு."

"நானும்தான் வந்தேன்" என்றேன். "எதுக்கு வந்தேன்னு நெனைக்கற?"

துடுப்பு நின்றது.

அவனை நம்பவைக்க என்னிடம் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. சாக்குப்படுதாவைச் சொன்னேன். ஐஸ் தொட்டியைச் சொன்னேன். நோலன் உள்ளேயிருந்து வந்ததையும், எனக்கு வேறு குதிரை என்று சொன்னதையும், நான் சரி என்றதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல வாய் தானாகவே ஓடியது. பானையின் காரநெடி இருவர் கண்ணிலும் பட்டது, இருவரும் துடைத்துக்கொள்ளவில்லை.

"எப்ப பாத்த?"

"வியாழக்கெழமை காலைல."

"நான் ஏறுனது சனிக்கெழமை."

"ஆமா."

"நடுவுல ரெண்டு நாளு. வெள்ளிக்கெழமை ராத்திரி நம்ம நாலு பேரும் ஒண்ணா உக்காந்து மீன் சாப்ட்டோம்."

"ஆமா."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவன் குனிந்து அடுப்பை அணைத்தான். தகடு வைத்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறிச் சமையலறைக்குள் போனான். நான் பின்னால் போய் வாசலில் நின்றேன். சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்து எண்களைச் சுற்றினான்.

"நோலன், நான் பிளாசித். நாளைக்கு என்னால முடியாது... ஆமா, இடுப்புதான். காலைல இருந்து வலி... இல்ல இல்ல, அடுத்த வாரம் சரியாயிரும். கண்டிப்பா வர்றேன்... ரொம்ப நன்றி நோலன்."

குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தொலைபேசியை மாட்டிவிட்டு அதன்மேல் கையை வைத்தபடி நின்றான்.

"என்ன சொன்னாரு?"

"பரவால்லன்னாரு. வேற ஒருத்தன் இருக்கானாம். அவனப் போட்டுக்கறேன்னாரு."

"யாராம்?"

பிளாசித் தரையைப் பார்த்தான். வெளியே நெட்டி ஓடிலை எலுமிச்சம்பழம் எடுத்து வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"கேக்கல" என்றான்.