ஒன்பதாம் காட்சியின் தலைப்பு

மார்ச் 12. ஒரு சின்னத் தப்பு செய்துவிட்டதாக நாட்குறிப்பில் எழுதினாள் தங்கை.

குங்ஃபூ த்ரில்லர் படத்தின் டிவிடிக்குக் காட்சித் தலைப்புகள் வைப்பது அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. மாதிரி டிவிடியை வீட்டில் போட்டு, படத்துக்கு முன் திரையில் வரும் பட்டியலில் தலைப்புகளைப் பார்த்ததுமே அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஒன்பதாவது, ‘குருவே கொலைகாரன்’. படம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேடி!"

"நடக்கறதைத்தானே எழுதினேன்?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொன்னா, தட்டுல வெச்சு நீட்டிட்டியே!"

நாளை இப்படியே பிரதி எடுத்துவிட்டால் முதல் வேலையே கடைசி வேலையாகிவிடும். ‘குரு சிரிக்கிறார்’ என்று மாற்றிப் பார்த்தாள்.

"ஏன் சிரிக்கிறான்? அப்போ அவன்தான்!"

‘குரு தேநீர் குடிக்கிறார்’ என்றாள்.

"இதை எவன் பார்ப்பான்?"

"அதுதாண்ணா வேணும்."

நாளை காலை, பிரதி எடுக்கும் முன் ஒன்பதாம் தலைப்பை மாற்ற வேண்டும் என்று எழுதி முடித்தாள்.