நூறாவது சால்

1934ஆம் வருஷம் ஆடி மாதம், பாகூர் சிங்காரவேலு பண்ணைக் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டைக் கேட்டுத் தானாக ஏறி வந்து வாய்க்காலில் விழுந்தது. ஏற்றக்காரர்கள் நின்று பாடினால் போதும், துலாவில் ஏறி மிதிக்க வேண்டியதில்லை. அந்த வருஷம் தண்ணீர் இறைக்கும் சாலின் விலை அரைப்பணம் இறங்கியது.

பாட்டைக் கட்டியவன் இருசப்பன். பண்ணையாள் அல்ல, கூப்பிட்ட ஊருக்குப் போய் ஏற்றப்பாட்டுக் கட்டிக் கொடுத்து, நெல் வாங்கித் திரும்புகிறவன். சால்களை எண்ணிப் பாடிவந்து நூறாவது சாலில் கட்டியவன் தன் பெயரை வைப்பது வழக்கம். இருசப்பன் தாயில்லாத மகளின் பெயரை வைத்தான்: செங்கமலம். மறு வருஷம் அதே பாட்டை மதகடிப்பட்டுக்காரர்களுக்குக் கொடுக்கக் கிளம்பியபோது சிங்காரவேலு மறித்தார்.

"கொத்தனாரு சொவரு கட்டிட்டு, போவும்போது தூக்கிக்கினா போறான்?"

"சொவரு ஒரே எடத்துல நிக்கும் எசமான். பாட்டு நாலு வாய்க்குப் போவணும். நெல்லு கட்டுனதுக்குத்தான குடுத்தீங்க?"

இருவரும் வில்லியனூருக்குப் போனார்கள். பத்திரம் எழுதும் நொத்தேர், பாட்டு யாருக்கு என்று முதலிலேயே பேசிக்கொண்டீர்களா என்று கேட்டார். இருவரும் பேசியிருக்கவில்லை. இருசப்பனின் குடிசை நின்ற மனை பண்ணையுடையது. ஆகவே, பாட்டும் அதிலுள்ள சகலமும் பண்ணைக்கே என்று எழுதிய தாளில் கைநாட்டு வைத்தான். இன்னொரு பாட்டுக் கட்டிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான். வீட்டு வாசலில் மகளைக் கூப்பிட வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. கஞ்சி, கதவு என்ற சொற்கள் எல்லாம் வந்தன. அவள் பெயர் மட்டும் வரவில்லை.

"இன்னாப்பா, கொட்டாவியா?" என்றாள் செங்கமலம்.

மூன்று வருஷம் கழித்து அவளை வில்லியனூரில் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணத்தைப் பதியும் இடத்தில் பெண்ணின் பெயரைக் கேட்டபோது தகப்பன் சும்மா நின்றான். பத்திரப்படி பெயருக்கு உரியவர் என்று சிங்காரவேலுவை வரவழைத்தார்கள், அவர் வந்து சொன்னார். சொன்னவர் அன்று பந்தியில் உட்காரவில்லை. மறுநாளே பாட்டைத் திருப்பி எழுதிக் கொடுக்க இருசப்பனோடு நொத்தேரிடம் போனார். எதை வாங்குகிறாய், ஒருமுறை பாடிக் காட்டு என்றார் நொத்தேர். இருசப்பன் நூறு சாலுக்கும் வாயசைத்தான், ஒரு சத்தமும் வரவில்லை. வாங்குகிற பொருள் விளங்கவில்லை என்று நொத்தேர் பத்திரக் கட்டை மூடினார். சிங்காரவேலு சாகும்வரை அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவில்லை.

அதன்பின் இருசப்பன் தினமும் காலையில் பண்ணை வரப்பில் வந்து உட்கார்ந்தான். தொண்ணூற்றொன்பது ஆனதும் ஏற்றக்காரர்கள் அவன் முகத்தைப் பார்ப்பார்கள். அவன் தலையசைத்ததும் அந்தப் பெயரைப் பாடுவார்கள். அவ்வளவு தூரத்தில், வில்லியனூரில், புருஷன் வீட்டில் செங்கமலம் அகப்பையை வைத்துவிட்டு, அப்பா கூப்பிடுகிறார் என்பாள்.

"சோத்த வடிச்சிட்டுப் போடி," என்பாள் மாமியார்.